பத்தாவது அர்த்தம்

"அரிசி எந்த மைதானத்துலடி வெளையாண்டுச்சு?"

எட்டாம் வகுப்பில் ஆங்கில டீச்சர் ஆஷிகாவிடம் கேட்ட கேள்வி இது. பாடத்தில் ஒரு பெண் அரிசியை அரைத்தாள் என்று வந்தது. அரைத்தாள் என்பதற்கு அங்கே கிரவுண்டு என்று போட்டிருந்தார்கள். ஆஷிகாவுக்குத் தெரிந்த கிரவுண்டு ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பந்து விளையாடுகிற பொட்டல். எழுந்து நின்று, "அவள் அரிசி மைதானம்" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் அப்படிக் கேட்டதும் வகுப்பே உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அவளுக்குப் பெயரே மைதானம்தான். பிறகு அவளைப் பெற்ற அத்தா பக்கீர் முகமது மாடிப்படியில் விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்தபோது, நான் படிப்பை விட்டுடுறேன் என்று முதலில் சொன்னது அவள்தான். எல்லாரும் குடும்பத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி அந்தப் பெயர்.

ஆனால் சொல் அவளை விடவில்லை. ஒரு சொல்லுக்கு இத்தனை முகம் இருக்கும் என்று ஒருவரும் தனக்குச் சொல்லவில்லையே என்ற ஆத்திரம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒரு நோட்டுப் போட்டாள். மேலே சொல். கீழே நம்பர் போட்டு அர்த்தம். அர்த்தத்துக்குக் கீழே அதை யார் சொன்னார்கள், எங்கே, எந்தத் தேதி, சொன்ன வாக்கியம் அப்படியே. அகராதியில் இருக்கிறது என்றால் யாராவது இல்லை என்று சொல்லிவிடலாம். இன்னார் இன்ன நாளில் வாயால் சொன்னார் என்றால் யார் மறுக்க முடியும்? இனி ஒரு டீச்சரும் தன்னைக் காட்டி வகுப்பைச் சிரிக்கவைத்து வேடிக்கை பார்க்க முடியாது. அப்படி ஒரு வீம்பு. இப்போது பதினெட்டு வயது. நாலாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில்கூட ஒருவருக்கும் தெரியாது.

கோச்சடைக்கு மேற்கே, வயல் முடிந்து பிளாட் கல் நடத் தொடங்குகிற இடத்தில் தங்கப்பாண்டியின் தண்ணீர் கம்பெனி. ஊர்க்காரர்கள் பிளான்ட் என்பார்கள். ஆஷிகாவுக்கு அங்கே வேலை. நிரப்பிய கேனுக்கு மூடி போட்டு, மூடி மேல் மெல்லிய கவர் மாட்டி, சூட்டு மெஷினைக் காட்டிச் சுருக்கி, லேபிள் ஒட்ட வேண்டும். பாண்டீஸ்வரி காலி கேன்களைக் கழுவி, தண்ணீர் பிடித்துத் தள்ளுவாள். சிவக்குமார் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அலங்காநல்லூர் வரைக்கும் போய்ப் போட்டுவிட்டு வருவான். இம்புட்டுப் பேர்தான்.

மே மாதத்தில் மெம்பரேன் போய்விட்டது. தண்ணீரில் இருக்கிற உப்பையும் அழுக்கையும் பிடித்து நிறுத்துகிற குழாய் அது. புதுசு வாங்கிப் போடுகிறேன் என்று தங்கப்பாண்டி சொன்னார். ஜூன் போனது, ஜூலை பிறந்தது. அதுவரைக்கும் போர்த் தண்ணீர் நேராகவே கேனுக்குள் போனது. கவர் மட்டும் பளபளவென்று சுருங்கி உட்கார்ந்தது. மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் பேசிக்கொண்டதில்லை. அத்தாவின் கால் இத்தனை வருஷம் ஆகியும் சரியாகத் தரையில் ஊன்றவில்லை. வீட்டு உலை தன் வேலையை நம்பி இருக்கிறது என்பது ஆஷிகாவுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்காததற்கு அது போதுமான காரணமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை உணவுப் பாதுகாப்பு ஆபீசர்கள் இரண்டு பேர் வந்து, தொட்டியிலும் கேனிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் தங்கப்பாண்டி ஷட்டரைப் பாதிவரைக்கும் இறக்கிவிட்டு மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"எழுதிப் போட்ருக்காக. மெம்பரேன் மே மாசத்துலருந்து ஓடலைன்னு. மே மாசம்னு வெளியில இருக்கவனுக்கு எப்படித் தெரியும்?"

மூன்று முகத்தையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஆபீஸ்ல எனக்கு வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காரு. எழுதிக் குடுத்தது ஒரு பொம்பளயாம். எட்டாந்தேதி, செவ்வாக்கெழம, பதினோரு மணிக்கு மேல வந்து சீல் ஒடையாத கேனையும் பேப்பரையும் குடுத்துட்டுப் போச்சாம். மூஞ்சியச் சுத்தித் துப்பட்டா."

சிவக்குமார் மீசையை ஒதுக்கிக்கொண்டு, "அப்ப நான் தப்பிச்சேண்ணே. எனக்கு எந்தத் துப்பட்டாவும் நிக்காது" என்றான்.

"நீ வாய மூடு மாப்ள." தங்கப்பாண்டியின் கண் ஆஷிகாவின் தலை முக்காட்டில் வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. "அன்னைக்கு நான் மேலூர்ல. இவன் லைன்ல. இங்க இருந்தது நீங்க ரெண்டு பேருதான்."

"ரெண்டு பேரும் இங்கனதாண்ணே இருந்தோம்" என்றாள் பாண்டீஸ்வரி. "இல்லடி ஆஷி?"

ஆஷிகா தலையாட்டினாள். எட்டாம் தேதி எது, ஒன்பதாம் தேதி எது என்று அவளுக்குப் பிரித்துத் தெரியவில்லை. எல்லா நாளும் ஒரே மூடி, ஒரே சூடு.

அன்றிலிருந்து பிளான்ட்டில் காற்றே மாறிவிட்டது. ஷட்டர் எந்நேரமும் பாதி இறங்கியே இருந்தது. வந்தவுடன் செல்போனை ஓனர் மேஜை டிராயரில் போட்டுவிட வேண்டும். சிவக்குமார் வருகிறபோதும் போகிறபோதும், "துப்பறியிற அம்மா, வணக்கம்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தான். யாரைச் சொல்கிறான் என்று தெரியாது. ஒருவேளை இவனேதான் யாரோ ஒரு பெண்ணைப் பிடித்து அனுப்பியிருப்பானோ என்று ஆஷிகாவுக்குத் தோன்றியது. போன மாதம்தான் அவனுக்கும் ஓனருக்கும் ஆட்டோ டயர் விஷயமாகப் பெரிய சண்டை. ஓனருக்கு அது மறந்துவிட்டதா? அல்லது மறந்த மாதிரி நடிக்கிறாரா?

இன்னொன்றும் அவளை உறுத்தியது. தினம் மதியம் பாண்டீஸ்வரி அவளோடுதான் உட்கார்ந்து சாப்பிடுவாள். குழம்பை மூடியில் ஊற்றி, "நக்கிப் பாருடி, உப்பு இருக்கான்னு" என்பாள். இந்த வாரம் கழுவுகிற தொட்டிப் பக்கமே திரும்பி உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்துவிட்டாள். அக்காவும் என்னைத்தான் சந்தேகப்படுகிறாள் என்று ஆஷிகா முடிவுகட்டிக்கொண்டாள். மறுத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவே குற்றம் மாதிரி ஆகிவிடுமே.

வெள்ளிக்கிழமை மதியம் லேபிள் கட்டுகளுக்குப் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, மேலே நிழல் விழுந்தது.

"என்னா எழுதுற?"

நோட்டை முக்காட்டுக்குள் இழுத்தாள். அதுதான் தப்பாகிவிட்டது. தங்கப்பாண்டி கையை நீட்டி வாங்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். வெயிலில் கறுத்த முகம் இன்னும் கறுத்தது.

"தேதி. பேரு. எடம்... யாரு என்ன பேசுனான்னு கோடு போட்டுக் கோடு போட்டு எழுதிருக்க. யேய் சிவக்குமாரு, இங்கிட்டு வா! பாருடா, உம் பேரும் இருக்கு!"

சிவக்குமார் ஓடிவந்தான். பாண்டீஸ்வரி தொட்டியிலிருந்து நிமிர்ந்தாள். கையில் மஞ்சள் உறையோடு, ஈரம் சொட்ட அங்கேயே நின்றாள்.

"நான் இல்லண்ணே" என்றாள் ஆஷிகா. "அது... அது அர்த்தம்ணே."

"என்னா அர்த்தம்?"

"இங்கிலீசு வார்த்தைக்கு. ஒரே வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருக்குன்னு எழுதி வைக்கிறேன். யாரு சொன்னாங்கன்னு சேர்த்து எழுதுனாத்தான் எனக்கு நிக்கும்."

"எறும்பு ஊருன மாதிரி எழுதிருக்க. ஒரு எழவும் புரியல." நோட்டை அவள் மடியில் போட்டு, ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "வாசி. கேப்போம். பொய்யின்னு தெரிஞ்சுச்சு, இன்னையோட உன் கணக்கு முடிஞ்சது."

அவள் வாசித்தாள். "பிளான்ட். ஒண்ணு, செடி. தாமரைச்செல்வி மிஸ், எட்டாம் வகுப்பு. ரெண்டு, இந்த மாதிரி கம்பெனி. பஸ் கண்டக்டர், மார்ச் மூணு, 'பிளான்ட்டு ஸ்டாப்பு எறங்கு.' மூணு, ஒருத்தர நைசா உள்ளே ஆளா வைக்கிறது. சிவக்குமாரண்ணே, ஜூலை இருவத்தி மூணு: 'எதிர் கம்பெனிக்காரன் நம்மகிட்ட ஒரு ஆள பிளான்ட் பண்ணிருக்கான்ணே, நாந்தான் இல்ல.'"

தங்கப்பாண்டிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. "சொன்னான்! இதே மாதிரிதான் சொன்னான்!"

"அந்த 'நாந்தான் இல்ல'யவும் எழுதணுமா புள்ள?" என்று சிவக்குமார் தலையைச் சொறிந்தான்.

அடுத்தது கிரவுண்டு. அதில் ஐந்தாவது அர்த்தம் நிலத்தடி நீர். சொன்னவர் தங்கப்பாண்டி, ஜூன் மூன்று: 'கிரவுண்டு வாட்டரையே நேரா விட்ரு பாண்டீஸு, எவன் நாக்குல மெம்பரேன் வச்சிருக்கான்?' இதை வாசித்தால் செத்தோம். மைதானம், தரை, அரைத்தது, எலக்ட்ரீசியன் சொன்ன எர்த்துக் கம்பி என்று நாலையும் மெதுவாக வாசித்தாள். பிறகு எச்சில் தொட்டு, இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். ஒருவரும் கவனிக்கவில்லை. கிணற்று விளிம்பிலிருந்து பின்னால் வந்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இனி நோட்டில் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தாள்.

"கவர்" என்றாள். குரல் தானாகவே தெளிந்தது. "ஒண்ணு, லெட்டர் போடுறது. ரெண்டு, நோட்டுக்குப் போடுற அட்டை. மூணு, கடையில குடுக்குற பை. அன்னக்கொடி அக்கா கடை, 'கவரெல்லாம் இல்ல, முந்தானையில வாங்கிக்கிட்டுப் போ.'"

"அந்தக் கெழவி அப்படித்தான் பேசும்!"

"நாலு, தலகாணிக்கு மாட்டுறது. அஞ்சு, நம்ம கேன் மூடியில சுருக்குறது. ஆறு, செல்போன் முதுகுல போடுறது. ஏழு, டவர் எட்டுறது. எட்டு, முழு லைனையும் முடிக்கிறது. சிவக்குமாரண்ணே: 'ஒரே டிரிப்புல அலங்காநல்லூர் வரைக்கும் கவர் பண்ணிட்டேன்.' ஒம்பது, ஆளை மயக்குறது. சிவக்குமாரண்ணேதான், ஜூன் பதினெட்டு: 'மெஸ்காரம்மாவை கவர் பண்ணிட்டேண்ணே, இனிமே அவுகளுக்கு நம்ம தண்ணிதான்.'"

"அடப்பாவி! தண்ணிக்கா கவர் பண்ணுன, சோத்துக்கா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆஷிகாவும் சிரித்தாள். ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று தன் எழுத்தைக் கேட்பது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. முகம் சூடாகிவிட்டது. காதுக்குள் ஏதோ ரீங்கரித்தது.

"ஒம்பது அர்த்தமா! ஒரு வார்த்தைக்கு!" என்றார் தங்கப்பாண்டி. "இதுக்கு மேல ஒண்ணும் இருக்காது."

"இருக்குண்ணே, பத்து!" என்றாள். வேகமாகச் சொன்னாள். பெருமையோடு சொன்னாள். "இதுதான் ரொம்ப அழகு. ஒருத்தர் இல்லாதப்ப அவங்க இடத்துல நின்னு, இல்லாதது தெரியாம பாத்துக்கிறது. பாண்டீஸ்வரியக்கா, தொட்டிப் பக்கம், ஜூலை எட்டு, செவ்வாய். 'ரெண்டு மணி நேரம் என்னைய கவர் பண்ணிக்கடி ஆஷி, பாப்பாவுக்கு மறுபடியும் வயித்தால போகுதாம், பள்ளிக்கூடத்துலருந்து போன் வந்துச்சு, போய்ட்டு ஓடியாரேன்.'"

வாசித்து முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிவக்குமார் தன் செருப்பைப் பார்த்தான். சூட்டு மெஷினை அணைக்க மறந்திருந்தாள்; அது ஓரமாகப் படுத்துக்கொண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"எட்டாந்தேதி" என்றார் தங்கப்பாண்டி மெல்ல. "பாப்பா படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் நம்ம கேனுதான போகுது சிவக்குமாரு?"

சிவக்குமார் தலையை மட்டும் ஆட்டினான்.

"அண்ணே, அது எட்டு இல்ல, பதினெட்டு. நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள் ஆஷிகா. எழுந்து நின்றுவிட்டாள். "நான் எப்பவும் தேதிய மாத்தித்தான் எழுதுவேன்."

"பதினெட்டு செவ்வாக்கெழம வராது புள்ள" என்றார் தங்கப்பாண்டி. கோபமே இல்லாமல் சொன்னார். அவள் தலையில் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல். "நீ உக்காரு. உனக்கு ஒண்ணும் இல்ல. கெட்டிக்காரப் புள்ள. நோட்டைப் பத்திரமா வச்சுக்க."

பிறகு திரும்பினார். "என்னா பாண்டீஸு, அன்னைக்குப் பள்ளிக்கூடத்தோட வந்துட்டியா, அதத் தாண்டியும் போனியா?"

பாண்டீஸ்வரி மஞ்சள் உறைகளைக் கழற்றினாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு விரலாக இழுத்து, உதறி, தொட்டி விளிம்பில் போட்டாள். ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். பாதி நிரம்பியிருந்த கேனைக் காலால் தள்ளினாள்; அது சாய்ந்து, தண்ணீர் எல்லார் காலடியிலும் பரவி ஓடியது. டிராயரைத் தானே திறந்து செல்போனை எடுத்துக்கொண்டாள். தங்கப்பாண்டி தடுக்கவில்லை.

"அக்கா" என்றாள் ஆஷிகா. "அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா நான் அத நெனச்சு வாசிக்கலக்கா."

பாண்டீஸ்வரி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். ஆஷிகாவைத் தாண்டிப் போகிறபோது ஒரு கணம் நின்றாள். திட்டப்போகிறாள் என்று ஆஷிகா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பாண்டீஸ்வரி குனிந்து, ஊளையிட்டுக்கொண்டிருந்த சூட்டு மெஷினின் சுவிட்சை மட்டும் அணைத்தாள். பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் தலையைக் குனிந்து வெளியே போனாள். நடுப்பகல் வெயிலில், பஸ் வருகிற பக்கம் பார்க்காமல், பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாக நடந்தாள்.