மூன்றரை மணிக் குறிப்பு

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். ஒரு டம்ளர் காபி போட்டேன். பால் மிஞ்சியது, மூடி வைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். காலரில் ஒரு மடிப்பு விழுந்தது, விட்டுவிட்டேன். எட்டரைக்கு மச்சான் கார் எடுத்துக்கொண்டு வந்தார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அவள் இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று அது பற்றி மருத்துவமனையில் விசாரணை.

"மாப்ள, நர்ஸ் ஏதாவது சொன்னாங்களான்னு கேப்பாங்க. ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க."

"சொன்னாங்க மச்சான்."

"உங்க நல்ல மனச இன்னைக்கு மட்டும் மூட்ட கட்டி வைங்க. என் தங்கச்சி போயிட்டா. யாராவது பதில் சொல்லணும்ல?"

நீளமான மேசை. ஒரு பக்கம் கண்காணிப்பாளரும் தலைமைச் செவிலியரும். எதிரே அந்த நர்ஸ், சீருடை இல்லாமல். என் மனைவி அவருக்கு 'வாட்ச் அக்கா' என்று பெயர் வைத்திருந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நோயாளியின் மூச்சை எண்ணுவார்.

"நான் கொஞ்சம் மூச்ச அடக்கிக்கவா அக்கா? உங்களுக்கு வேலை மிச்சம்."

"பேசாம படும்மா. எண்ணிக்கை விட்டுப்போச்சு பாரு, மறுபடி ஒண்ணுலேருந்து."

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் அது, அவள் இறந்த நாள். வலி மருந்து ஒரு இயந்திரத்திலிருந்து குழாய் வழியாக நரம்பில் இறங்கியது. வலித்தால் அவளே பொத்தானை அமுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அமுக்கும் நேரத்தோடு அதில் பதிவாகும். மருந்து மிஞ்சினால் மூச்சு குறையும், அதற்காகத்தான் எண்ணுவது.

கண்காணிப்பாளர் நர்ஸின் குறிப்பைப் படித்தார்.

"மத்தியானம் மூணு மணி, தூங்குகிறார், மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு. மூன்றரை, தூங்குகிறார், பன்னிரண்டு. நாலு மணிக்கு மூச்சே இல்ல." தாளைப் புரட்டினார். "மெஷின்ல மூணுலேருந்து நாலுக்குள்ள அஞ்சு தடவ அமுக்கியிருக்கு. தூங்குறவங்க எப்படிம்மா அமுக்குவாங்க?"

"தெரியல டாக்டர். ஆனா நான் போய் எண்ணித்தான் எழுதினேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா? அவங்க முழிச்சிருந்திருக்காங்க. நீங்க உட்கார்ந்த இடத்துலயே எழுதியிருக்கீங்க."

தலைமைச் செவிலியர் மெதுவாகச் சொன்னார். "எழுதாம விட்டிருந்தாக்கூட உங்களுக்காகப் பேசியிருப்பேன். பாக்காம எழுதினவங்கள வார்டுல வச்சுக்க முடியாது."

மேசைக்கு அடியில் மச்சான் என் முழங்காலைத் தட்டினார். முடிந்தது என்று அர்த்தம்.

"அவங்க வந்தாங்க," என்றேன். "ரெண்டு தடவையும். முழுசா ஒரு நிமிஷம் எண்ணினாங்க. அவ தூங்கிட்டுத்தான் இருந்தா."

"அப்ப பொத்தான்?"

"நான் அமுக்கினேன்."

மச்சான் கையை எடுத்துக்கொண்டார்.

தூக்கத்தில் அவள் நெற்றி சுருங்கியது. வலி என்று நினைத்தேன். வலியோடு விழிக்க வேண்டாமே என்று அமுக்கினேன். மறுபடி சுருங்கியது, மறுபடி அமுக்கினேன். காலையிலேயே நர்ஸ் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார்: இத அவங்க மட்டும்தான் அமுக்கணும், தூங்கினா மருந்து தேவையில்லன்னு அர்த்தம், நீங்க தொடாதீங்க. நான் தலையாட்டினேன். மூன்றரைக்கு அவர் வரும் சத்தம் கேட்டதும் பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன்.

இதையெல்லாம் சொன்னேன். நர்ஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

தலைமைச் செவிலியர் பேனாவைத் திறந்தார். "தூங்குறதுக்கு முன்னாடி வலிக்குதுன்னு அவங்க சொன்னாங்களா? கடைசியா என்ன சொன்னாங்க?"

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் என் மாமியார், "அவர பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்ததில்லை. மச்சானும் அதைத்தான் நம்புகிறார். அவரைப் பார்க்காமல், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"வலியில்லப்பா. தூக்கம்தான் வருது. நீ போய்ச் சாப்பிட்டு வா."