இட்லிப் பானையில் வெந்த பட்டு

ரந்தாவ் தோட்டத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த விமலேஸ்வரி, மதியச் சாப்பாடு முடிந்ததும் அறையில் போய்க் கண்ணயர்ந்தாள். அவள் தலையாட்டினால்தான் அவளுடைய தம்பி குணாளனுக்குத் திலகாவை நிச்சயம் செய்வார்கள். நல்ல பெயர் வாங்கத் துடித்த திலகாவின் கை சும்மா இருக்குமா? நாற்காலியில் கிடந்த விமலேஸ்வரியின் பட்டுத் துப்பட்டா கன்னாபின்னாவென்று கசங்கியிருந்தது. பாவம், மம்பாவிலிருந்து காரில் உட்கார்ந்தே வந்ததில் இந்தக் கதி போலும். இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்து முடித்தாள்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் துணி விற்கும் பக்கத்து வீட்டு ஹஃபீஸா எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"அலமாக்! அது கசங்கல் இல்லடி, டிசைன்! நெய்ஞ்ச பட்டை நனைச்சு, கொசுவி, கயிறா முறுக்கி, ஆவியில வெச்சு, கட்டோடவே காய விடுவாங்க. அந்தச் சுருக்கத்துக்குத்தான் விலையே!"

"ஐயோ, இப்ப என்னா பண்றது?"

"இட்லிப் பானை இருக்கா?"

தண்ணீர் தெளித்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கி, சுருட்டிக் கட்டிப் பானைக்குள் வைத்தார்கள். ஆவி கிளம்பிய நேரம் பார்த்து விமலேஸ்வரி கொட்டாவியோடு அடுப்படிக்கு வந்தாள்.

"என்னம்மா வேகுது?"

"இட்லி, அக்கா."

"சூடா ரெண்டு வை."

"இந்த மாவு வேக லேட்டாகும் லா," என்றாள் ஹஃபீஸா.

"எந்தக் கடை மாவு?"

"ரந்தாவ் கடை," என்றாள் திலகா. "லாபு கடை," என்றாள் ஹஃபீஸா, அதே மூச்சில்.

விமலேஸ்வரி மூடியைத் திறந்தாள். ஹஃபீஸாவுக்குக் கொடியில் காயும் துணி ஞாபகம் வந்தது; பின்வாசல் வழியாக மாயமானாள்.

நிச்சயம் போயிற்று என்றே திலகா நினைத்தாள். "கசங்கியிருக்குன்னு தேச்சுட்டேன்க்கா…"

விமலேஸ்வரி இடுக்கியால் துப்பட்டாவை எடுத்தாள். ஆறியதும் கட்டை அவிழ்த்தாள்.

"இவ்வளவு லூசா முறுக்குனா சுருக்கம் எப்படி நிக்கும்? அந்த முனையப் பிடி. நல்லா இழு."

"கோவம் இல்லியாக்கா?"

"வாங்கின அன்னிக்கே நானும் தேச்சேன். எங்க வீட்ல ரைஸ் குக்கர்ல வெச்சோம்."

இருவரும் முறுக்கினார்கள். விமலேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் என் தம்பி சட்டைய மட்டும் தேச்சுக் குடுத்துடாத. பழகிடுவான்."