இரண்டு மிங்காவுக்கு ஒரே சாப்பாடு

என் அப்பா என் அம்மாவைக் கொன்று சமையலறைக்கு அடியில் புதைத்துவிட்டார் என்று முப்பத்தெட்டு வருடங்களாக நம்பி வந்தேன். அதற்காக அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒருமுறை காஸ்த்ரோ நகரத்திலிருந்து படகேறிப் போய், அவர் வைத்த உருளைக்கிழங்குச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் திரும்புவேன். கொலைகாரராகவே இருந்தாலும் உப்புப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. எனக்கு ஆறு வயதில் அம்மா எர்சிரா ஒரு நாள் வீட்டில் இல்லை. "அர்ஜென்டினா போயிட்டா" என்றார் அப்பா. அவ்வளவுதான். தெற்குச் சிலியில் இருக்கிற எங்கள் யெல்கான் தீவில் பாதிப் பேர் ஆட்டு ரோமம் வெட்ட அர்ஜென்டினா போனவர்கள். ஆனால் ஒரு தொப்பியையும் ஓர் இருமலையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்கள். அம்மா வரவில்லை. சில வாரங்கள் கழித்து அப்பா சமையலறை மூலையில் இரண்டு பலகைகளைப் பெயர்த்தார். எதையோ உள்ளே இறக்கினார். மறுபடி ஆணியடித்து, விறகுப் பெட்டியை இழுத்து மேலே வைத்தார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. பூனைக்கும் இல்லை.

எங்கள் வீடு குட்டையான மரக்கால்களில் நிற்பது; அடியில் ஆள் நுழைய முடியாது. தென்காற்று அடித்தால் அடியில் யாரோ புரண்டு படுப்பதுபோல் சத்தம் கேட்கும். அது யார் என்று ஆறு வயதில் எனக்குத் தெளிவாகத் தெரியும். போர்வைக்குள்ளிருந்து "தூங்கும்மா" என்பேன்.

ஊரும் என்னை ஒரு தினுசாகத்தான் நடத்தியது. நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். என் மேல் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பாதிரியாருக்குக்கூட அணைக்க மாட்டார்களே என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது.

பதினாறு வயதில் காஸ்த்ரோவுக்கு ஓடி, படகு எஞ்சின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். எந்த எஞ்சினையும் கழற்றி உள்ளே பார்த்துவிடுவேன். இரண்டு பலகைகளைக் கழற்றத்தான் தைரியம் வரவில்லை.

கடைசியில் கடல்தான் உதவிக்கு வந்தது. எங்கள் பக்கத்து மேட்டை அது வருடத்துக்கு ஒரு முழமாகத் தின்றுகொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் கோழிக்கூடு போயிற்று, கோழிகளோடு.

"அப்பா, வீட்ட நகத்தணும்."

"அது எங்கயும் நகராது."

"அடுத்தது கக்கூசு. பாதி வேலையில இருக்கறப்ப போனா என்ன செய்வீங்க?"

அப்பா எழுந்து போய்க் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "சரி, ஊரக் கேளு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. வீடு நகர்ந்தால் அதன் அடி வெளிச்சத்துக்கு வரும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஊரைக் கேட்பது என்றால் மிங்கா கேட்பது. வீடு வீடாகப் போய், தொப்பியைக் கழற்றி, உதவி கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் யாரும் மறுக்க முடியாது. கூலியும் வாங்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் கேட்டவன் எல்லோருக்கும் சாப்பாடு போடுவான். அந்தச் சாப்பாட்டோடுதான் மிங்கா முடியும். சாப்பாடு போடாதவரை ஒப்புக்கொண்டவர்கள் ஒப்புக்கொண்டதுதான்.

முதலில் பக்கத்து வீட்டு நோல்ஃபா அத்தையிடம் போனேன். அவள் கை மாவோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, ஒரு மிங்கா கேக்க வந்தேன்."

"வீட்டுக்கு மட்டும்தானே?"

"வேற எதுக்கு அத்தை கேப்பாங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றாள். "ஒங்க குடும்பத்துல கேட்டா கொஞ்சம் கனமா கேப்பீங்க."

அடுத்த வீட்டில் எலியேசர் மாமாவும் அதையேதான் கேட்டார். "வீடு மட்டுந்தானடா?" அதற்கு அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. ஊரே ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. பதினொரு வாசல்களில் பதினொரு முறை அதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கொலையில் ஊருக்கே பங்கு இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது ஜோடி மாடுகளும் அறுபது பேரும் வந்தார்கள். வீட்டுக்கடியில் இரண்டு பெரிய மரங்களைச் சறுக்குக் கட்டையாகக் கொடுத்து, கயிறு கட்டி, முன்னால் மாடுகளைப் பூட்டினோம். அப்பா மட்டும் வெளியே வரவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் பூனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சோபனோர் அண்ணே, எறங்குங்க. கனம் கொறையும்" என்று கத்தினார் எலியேசர் மாமா.

"நான் எறங்கினா பூனையும் எறங்கும். அது எறங்கினா பிடிக்க முடியாது. இழு."

இழுத்தார்கள். வீடு முனகியது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் வீடு, நான் பிறந்த வீடு, மெதுவாக என்னை விட்டு நடந்து போயிற்று. எல்லோரும் வீட்டைப் பார்த்துக் கூவினார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு பின்தங்கினேன்.

வெயில் படாத மண் வெளுத்துக் கிடந்தது. துருப்பிடித்த கரண்டிகள், ஒரு சீப்பு, எப்போதோ தொலைத்த என் பம்பரம். சமையலறை மூலையில் ஓர் எலும்பு. கும்பிடக் கையெடுத்த பிறகுதான் அது ஆட்டுத் தாடை என்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மண் மேடு தட்டியிருந்தது. கைகளால் தோண்டினேன். நாய் தோண்டுவதை நீங்கள் பார்த்திருந்தால் நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆட்டுத்தோலில் சுற்றிய மூட்டை ஒன்று வந்தது. ஆள் அளவு இல்லை. குழந்தை அளவுகூட இல்லை. முடிச்சை அவிழ்த்தேன்.

பேட்டரி ரேடியோ.

நிமிர்ந்தால், இருபது அடி தள்ளி வீடு நின்றுவிட்டிருந்தது. மாடுகளைத் தவிர எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் அப்பாவின் முகம்.

"என்ன இது?" என்றேன்.

"ரேடியோ" என்றாள் நோல்ஃபா அத்தை.

"அது தெரியுது அத்தை. இத எதுக்குப் பொதைக்கணும்? எங்கம்மா எங்க?"

"எங்களால சொல்ல முடியாதுப்பா. கேட்டுட்டாரு."

"யாரு? என்ன கேட்டாரு?"

எலியேசர் மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒங்கப்பாதான். வீடு வீடா வந்து, மிங்காவாவே கேட்டாரு. வாயத் தொறக்கக் கூடாதுன்னு. முப்பத்தெட்டு வருஷமாச்சு. இன்னும் சாப்பாடு போடல."

"அதுக்காக..."

"அதுக்காகத்தான்டா. கேட்டுட்டா கேட்டதுதான? வா, கயித்தப் பிடி. மொதல்ல வீடு. நடுவழியில விட்டா மழை வந்துரும்."

வேறு ஊராக இருந்தால் அப்போதே ஒரு கத்தலும் கண்ணீரும் நடந்திருக்கும். எங்கள் ஊரில் வீடு நடுவழியில் நின்றால் அதுதான் அவசரம். ரேடியோவை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் இழுத்தேன். அப்பாவை உள்ளே வைத்தே இழுத்தேன். அவ்வளவு கனமாக எதையும் நான் இழுத்ததில்லை.

வீடு புது இடத்தில் உட்கார்ந்தது. பெண்கள் குழியடுப்பின் இலைகளை விலக்கினார்கள். சிப்பியும் பன்றியிறைச்சியும் கிழங்கும் ஆவி பறக்க வந்தன. எல்லோரும் தட்டோடு உட்கார்ந்தார்கள்; ஒருவரும் வாயில் வைக்கவில்லை. அப்பா படியிறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் தலை இவ்வளவு வழுக்கை என்று அன்றுதான் பார்த்தேன்.

"இன்னைக்குச் சாப்பாடு ரெண்டு மிங்காவுக்கும் சேத்துத்தான்" என்றார். "அந்தப் பழசும் முடிஞ்சுது. புண்ணியவான்களே, சாப்பிடுங்க. பேசுங்க."

எல்லோரும் சிப்பிகளைத் திறந்தார்கள். பிறகு நோல்ஃபா அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்கம்மா ஒனக்கு ரேடியோவுல சேதி சொல்லுவாடா. வருஷா வருஷம், ஒன் பொறந்த நாளன்னைக்கு."

நகரத்து வானொலிதான் எங்கள் தீவுகளுக்குத் தபால்காரன். மதியம் பன்னிரண்டரைக்கு அறிவிப்பாளர் வாசிப்பார்: இன்ன தீவு இன்னாருக்கு, மாடு விற்றாச்சு, செவ்வாய்க்கிழமை வருகிறேன், குதிரையோடு நில். ஒருவருக்கு வருவதை ஊரே கேட்கும். என் அம்மா எனக்குச் சொன்னதை இந்த அறுபது பேரும் கேட்டிருக்கிறார்கள். கேட்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான்; காஸ்த்ரோ பட்டறையின் எஞ்சின் இரைச்சலில் ரேடியோ காதில் விழுந்ததே இல்லை. இன்னொருவர், முதல் சேதியோடு ரேடியோவைப் புதைத்துவிட்டவர்.

"மொத சேதி எனக்கு மனப்பாடம்" என்றார் எலியேசர் மாமா. "‘யெல்கான் உபால்தோவுக்கு, அம்மாவுக்கு ரியோ காயேகோஸ்ல சமையல் வேல கெடச்சிருச்சு. அப்பாகூட காஸ்த்ரோ துறைக்கு வா, கூட்டிட்டுப் போறேன்.’"

"‘நீலச் சட்ட போட்டுட்டு வா’ன்னும் சொன்னா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"பச்ச" என்றார் மாமா.

"நீலம்தான் மாமா, நான் அழுதேனே!"

"நீ எதுக்குத்தான் அழல?"

முப்பத்தெட்டு வருடச் செய்திகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருமுறை அவளே தீவுக்கு வந்தாளாம். எனக்கு ஏழு வயது. அப்போது அப்பா, அவள் வருவது யார் மூலமோ தெரிந்து, கடல்பாசி எடுக்க என்னைத் தெற்குத் தீவுக்குக் கூட்டிப்போய் ஒரு மாதம் கூடாரத்தில் வைத்திருந்தார். உன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் எது என்று யார் கேட்டாலும் அந்த மாதத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"நான் டீ குடுத்தேன்" என்றாள் நோல்ஃபா அத்தை. "எங்க போயிருக்கீங்கன்னு தெரியும். டீ மட்டும்தான் குடுத்தேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவரை அடிக்க வேண்டும் என்று கை சொன்னது. கையில் கிழங்கு இருந்தது.

"ஏன்ப்பா?"

"ரெண்டு பேரும் போயிட்டா வீட்டுல யாருடா இருப்பா?" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு தடவ" என்றார் எலியேசர் மாமா. "‘சோபனோர் பொகபோக்கியத் தொடைக்கணும், இல்லன்னா தீப்பிடிக்கும்’னு."

அப்பா தலையாட்டினார். கட்டளையை இப்போதுதான் பெற்றுக்கொண்டவர் மாதிரி.

"உயிரோட இருக்காளா?" என்றேன்.

"போன ஜூன்ல கேட்டமே! முட்டி வலியாம், படகு ஏற முடியலயாம். பின்னுறத மட்டும் விடல. வருஷத்துக்கு ஒரு ஜோடி காலுறை, வளந்து பாக்காத காலுக்கு. ஒவ்வொரு சேதியிலயும் கடைசியா அதத்தான் கேப்பா. ‘என் பையன் கால் அளவு என்ன, தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.’" நோல்ஃபா அத்தை மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "வானொலிப் பொண்ணுகிட்ட அவ நம்பர் இருக்கு. நீ வர்றேன்னு சொல்லச் சொல்லவா?"

"செவ்வாய்க்கிழமை படகுல கெளம்பறேன்னு சொல்லுங்க."

அவள் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட்டு, ஃபோனை மார்பில் பொத்திக்கொண்டு என் சேற்றுப் பூட்ஸைப் பார்த்தாள்.

"கால் அளவு என்னடா?"

"நாப்பத்து மூணு."

"நாப்பத்தி ரெண்டு" என்றார் அப்பா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "பூட்ஸ் எப்பவும் ஒண்ணு பெருசாத்தான் வாங்குவான்."

நோல்ஃபா அத்தை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு ஃபோனில் நாற்பத்திரண்டு என்றாள்.