தராசு வீட்டுப் பந்துவீச்சு

நாற்பதை நெருங்கும் வயதில், கிரிக்கெட் என்றாலே கொட்டாவி விடுகிற ஒருத்தி, மொட்டைமாடியில் தம்பியிடம் பந்துவீசக் கற்றுக்கொள்கிறாள் என்றால் அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அல்லது வேறு வழியே இல்லாமல் போயிருக்க வேண்டும். அவளுக்கு இரண்டாவது. பைத்தியமும் வெகுதூரத்தில் இல்லை.

"முழங்கை மடங்குதுக்கா. இது பௌலிங் இல்ல, தெருநாயைக் கல்லால அடிக்கிறது. கையை நேரா வச்சு, காதை உரசுற மாதிரி கொண்டு வா."

அவள் கொண்டுவந்தாள். பந்து அவள் காலடியிலேயே விழுந்து உருண்டது. தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், எதற்கும் பதறாதவன். அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

"வேணாங்க்கா. கிரிக்கெட்னாலே மாமா டிவியை அணைச்சிடறாரு. நீ போய் எதிர்ல நின்னு பந்து போட்டா புண்ணைக் கிளறுன மாதிரி ஆயிடும்."

"கிளறட்டும். கத்தட்டும், என்னை அடிக்கக்கூட வரட்டும். அந்த மனுஷன் வாயைத் திறந்தா போதும்டா எனக்கு."

அந்த மனுஷனுக்கு, அவள் கணவருக்கு, ஊரார் வைத்த பெயர் தராசு. வாரநாட்களில் அச்சகத்தில் பிழை திருத்துவார், ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி அணிகள் ஆடும் ஆட்டங்களுக்கு நடுவர். வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்காத ஆள். அப்படிப்பட்டவர் ஒரு இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்துக்கு, கால் கோட்டைத் தாண்டியது என்று நோ பால் சொல்லி, அதனாலேயே ஒரு அணி தோற்றது. பந்துவீசியவனின் கால் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் இருந்ததை யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். கழுதை கனைக்கும் சத்தத்தைச் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். அச்சகத்தில்கூடச் சிரித்தார்கள். மறுவாரமே ஒரு பாடப்புத்தகத்தில் பெரிய பிழை ஒன்றைக் கோட்டைவிட்டார்.

"என் கண்ணு போச்சு" என்று சொல்லிப் படுத்தவர்தான். கண்ணில் ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மனநல டாக்டர் மாத்திரை கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். எதைப் பேசினாலும் கிணற்றில் போட்ட கல்தான். ஒருநாள் அவள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை முடிந்து வந்தபோது, பூட்டியிருந்த மொட்டைமாடிக் கதவில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார். "சும்மாதான்" என்றார். அதன்பிறகு மாடிச் சாவியை அவள் கையைவிட்டு இறக்கவில்லை.

நடுவராக வாழ்ந்தவன் கண்ணெதிரே பந்து விழுந்தால் பார்க்காமல் இருக்க முடியாது என்று அவளாக ஒரு கணக்குப் போட்டாள்.

விரல் இரண்டு மேலே, கட்டைவிரல் கீழே, இடது கால் ஊன்றும்போது கை சுற்றிவர வேண்டும் என்பதெல்லாம் ஒருவழியாகப் பிடிபட்டதும் வீட்டுக்குள் இறங்கினாள். படுக்கையறை வாசலில் சாக்பீஸால் கோடு. சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதுதான் ஸ்டம்ப். ரப்பர் பந்து. காலையிலும் மாலையிலும் வீசினாள். கீழ்வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். கணவரோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தார். ஒருநாள் பந்து நேராகப் போய் வாளியைச் சாய்த்தது. பார்க்க ஆளில்லை. அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். இந்த மனுஷனை இழக்கப்போகிறோம் என்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாளும் வீசினாள். வேறென்ன செய்வது?

"நோ பால்."

குரல் கரகரத்து வந்தது. அவர் திரும்பித் தலையைத் தூக்கியிருந்தார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. குனிந்து பார்த்தாள். இடது கால் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது.

அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது. "தப்பாச் சொல்லிட்டேனா?"

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவெல்லாம் அவளுக்கு நேரமில்லை. கால் கட்டைவிரலால் கோட்டைச் சரக்கென்று தேய்த்தாள். "இல்லைங்க! மிதிச்சிட்டேன்! கோடு அழிஞ்சிருக்கு, வந்து பாருங்க!"

அவர் வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, நடை பழகுகிறவர் போல வந்து, முட்டி போட்டுக் குனிந்தார்.

"கோட்டை மிதிச்சா நோ பால் இல்ல. குதிகால்ல ஒரு துளி கோட்டுக்குப் பின்னால இருந்தாலும் அது நல்ல பந்து."

அவளுக்கு அது தெரியாது. அந்த ஒரு விதியைத் தம்பி சொல்லிக்கொடுக்கவில்லை. காப்பாற்றப் போய்க் கழுத்தை அறுத்துவிட்டோமே என்று கைகால் ஓடாமல் நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அழிந்த இடத்தில் விரலை வைத்து உற்றுப் பார்த்தார்.

"பந்து போடற கால் முன்பக்கமாத்தான் சறுக்கும். இது பக்கவாட்டுல தேஞ்சிருக்கு." நிமிர்ந்தார். "நீயா தேய்ச்சே. என்கிட்டயே பொய் சொல்றியா?"

"ஆமா, பொய்தான்! செத்துக்கிட்டிருக்கிற ஆளுகிட்ட வேற என்ன சொல்லச் சொல்றீங்க?" அவள் உடைந்து அழுதாள். "கண்ணு போச்சு, கண்ணு போச்சுன்னீங்களே, இது மட்டும் எப்படித் தெரிஞ்சுது? படுத்துக்கிட்டுப் பார்த்தீங்க, தப்பாப் போச்சு. எழுந்து வந்து பார்த்தீங்க, நான் பண்ணின திருட்டுத்தனம் வரைக்கும் தெரியுது!"

அவர் அந்தச் சாக்பீஸ் தூளை இன்னொரு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்து எழுந்து, சமையலறை வாசலில் சாயாமல் நின்ற வாளியைப் பார்த்தார்.

"தலையை எங்கே வச்சுக்கிட்டுப் பந்து போடறே? ஸ்டம்பை ஒரு தடவையாவது பார்த்தியா நீ? இந்த லட்சணத்துல எவன் சொல்லிக்கொடுத்தது உனக்கு?"

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு கிடைத்த திட்டு. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று, உருண்டு கிடந்த பந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள்.