அகலப் பாதை

மதுரையிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ், பொங்கலூருக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு நூல் மில்லின் எதிரில் ராக்கம்மாளை இறக்கிவிட்டது. கண்டக்டர் தாராபுரத்திலிருந்தே மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தான். "பைக்குள்ள என்னம்மா, கருவாடா?" என்று இரண்டு தரம் கேட்டான். பையில் ஒரு மாற்றுச் சேலையும் பாதி தின்ற பன்னும்தான் இருந்தன. "கருவாடு இல்லய்யா, எம் மேலு வாசம் அது. வேணும்னா டிக்கெட்டுக் காசைக் குடு, இங்கிட்டே எறங்கிக்கிறேன்" என்றாள். அதன் பிறகு அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மில்லின் கேட் யானை நுழையும் உயரத்துக்கு இருந்தது. அதில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு. அதன் வழியாகத் தலையை நீட்டிய வாட்ச்மேன் நல்லான், வயசானவர், வெற்றிலை போட்ட வாயை மேலே தூக்கிக்கொண்டு பேசினார்.

"ஆரப் பாக்கோணுங்க?"

"எம் மகளைப் பாக்க வரல. கூட்டிட்டுப் போக வந்துருக்கேன். வேல்விழின்னு பேரு. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துப் புள்ள."

"ஞாயித்துக்கெழம வாங்கம்மா. இன்னிக்கெல்லாம் உடமாட்டாங்க."

"ஞாயித்துக்கெழமை எனக்கு யாவாரம் இருக்கு" என்றாள் ராக்கம்மாள்.

உண்மையிலேயே இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் இல்லாமல் போயிருந்த வியாபாரம், இப்போதுதான் திரும்ப வந்திருந்தது.

மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ரயிலின் கடைசிப் பெட்டி மீன்காரிகளுடையது. யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டது. மண்டபத்தில் விடியுமுன் கூடைகளோடு ஏறுவார்கள். உச்சிப்புளியில் வெளிச்சம் வரும். பரமக்குடியில் நெசவுக்காரர்கள் ஏறிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்தி அடுத்த பெட்டிக்கு ஓடுவார்கள். டிக்கெட் பரிசோதகர்கள் புதிதாக வரும்போதெல்லாம் ஒரு சண்டை நடக்கும். கூடையை இறக்கச் சொன்னவரிடம், "நீங்க தூக்கி வெளிய வைங்க, நான் எறங்குறேன்" என்று ராக்கம்மாள் சொன்னது அந்தப் பெட்டியில் வெகுநாள் பேசப்பட்டது. ஐஸ் தண்ணீர் ஒழுகும் அந்தப் பெட்டியில்தான் வேல்விழி பால் குடித்தாள், தவழ்ந்தாள், நடக்கவும் பழகினாள்.

பிறகு அகலப் பாதை போடப் போகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். பஸ்ஸில் மீன்கூடையை ஏற்றமாட்டோம் என்றார்கள். ஒருத்தி இறால் கம்பெனிக்கு ஐஸ் உடைக்கப் போனாள், இன்னொருத்தி செங்கல் சூளைக்குப் போனாள். ராக்கம்மாளின் வீட்டுக்கு ஒரு ஏஜென்ட் வந்தான். திருப்பூர்ப் பக்கம் நூல் மில், மூணு வருஷம் தங்கி வேலை பார்த்தால் போதும், சாப்பாடு, சினிமா எல்லாம் உண்டு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள் என்றான். புருஷன் இல்லாத வீடு. ராக்கம்மாள் கைநாட்டு வைத்தாள். மாதம் ஒரு போன் வரும். ஆபீஸ் போன் என்பதால் பக்கத்தில் யாரோ நிற்பது மூச்சிலேயே தெரியும். "நல்லாருக்கேன் ஆத்தா" என்று மகள் சொல்வாள். கடைசி இரண்டு மாதமாக அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு இருமல் விடவில்லை.

இந்த ஆகஸ்டில் ரயில் திரும்ப வந்தது. பெரிய ரயில், அகலமான படிகள். ராக்கம்மாளும் மிச்சமிருந்த மீன்காரிகளும் கடைசிப் பெட்டியில் யாரையும் கேட்டு ஏறவில்லை, ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மதுரையில் மீனை விற்று முடித்ததும் கூடையைத் தன்னோடு வந்தவளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே படுத்து எழுந்து, காலையில் முதல் பஸ் ஏறி வந்திருந்தாள்.

நல்லான் உள்ளே போய்ச் சொல்ல, ஹாஸ்டல் வார்டன் முத்தாத்தாள் வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"வாங்க, தண்ணி குடிக்கறீங்களா? பாப்பா நல்லாருக்குதுங்க. இன்னும் ரெண்டு வருசந்தானுங்க. நடுவால போனா அந்த மொத்தப் பணம் வராதுங்களே."

"அதை நீங்களே வச்சுக்கங்க. எங்க ரயிலு திரும்ப வந்துருச்சு, புள்ளையக் குடுங்க."

"அப்பிடியெல்லாம் ஆகாதுங்கம்மா. மேனேஜர் வரோணும். சித்தே பொறுத்து, ஞாயித்துக்கெழம வாங்க."

சின்னக் கதவு சாத்திக்கொண்டது. ராக்கம்மாளுக்குச் சண்டைக்காரர்களைத் தெரியும். கெட்ட வார்த்தை சொல்பவனிடம் அதைவிடக் கெட்டதைச் சொல்லி ஜெயிக்கலாம். இப்படித் தண்ணீர் கொடுத்துக் கதவைச் சாத்துபவர்களிடம் என்ன செய்வது? கொஞ்ச நேரம் வேப்பமரத்து நிழலில் நின்றாள். அப்போது பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டிலிருந்து திரும்பி கேட்டைப் பார்த்து வந்தது. நல்லான் பெரிய கதவைத் திறக்கத் தொடங்கினார். ராக்கம்மாள் போய் கேட்டுக்கும் லாரிக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

டிரைவர் இந்திக்காரன். ஹாரனை அடித்து ஓய்ந்தான். இறங்கி வந்து கைகளை விரித்து என்னவோ கேட்டான். அவள் தன் வயிற்றைத் தொட்டு, பிள்ளை உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டி, கேட்டுக்குள்ளே கையை நீட்டினாள். அவன் அவளையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு எதிரிலிருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். லாரியின் பின்பாதி ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு லாரி, ஒரு டெம்போ, காய்கறி ஏற்றிய வண்டி. டீக்கடைக் கூட்டம் எழுந்து வந்தது.

"ஏனுங்க, அந்தம்மா புள்ளையத்தான கேக்குது?" என்று கூட்டத்தில் ஒருவர் நல்லானிடம் கேட்டார். நல்லான் வெற்றிலையைத் துப்ப அந்தப் பக்கம் போய்விட்டார்.

மேனேஜர் மாரப்பன் மோட்டார் பைக்கில் வந்து சேர்ந்தபோது வெயில் தலைக்கு மேல் இருந்தது. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். குனிந்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"இங்க பாருங்கம்மா, உங்க நெலம புரியுது. ரயிலு வந்துருச்சுங்கற தெம்புல வந்துட்டீங்க. நாளைக்கு அது மறுக்கா நின்னுட்டா என்ன பண்ணுவீங்க? இங்கதான் வந்து நிப்பீங்க."

"நின்னப்பவும் நாங்க செத்துப் போகலய்யா" என்றாள் ராக்கம்மாள். "ஒரு தப்பு பண்ணுனோம், இங்க அனுப்புனோம். அதைத்தான் திருத்த வந்துருக்கேன். போலீசைக் கூப்பிடுங்க. கூப்பிட்டா எம் புள்ளைக்கு எதனால இருமலுன்னு அவுககிட்டயும் கேப்பேன்."

மாரப்பன் நிமிர்ந்து ரோட்டிலிருந்த கூட்டத்தைப் பார்த்தார். ஒரு போனை எடுத்தார், பேசாமலே பையில் போட்டார்.

அதற்குள் உள்ளே சேதி போயிருந்தது. மெஷின் கூடத்தின் பக்கமிருந்து ஒரு பெண் நடந்து வருவது திறந்திருந்த கேட்டின் வழியாகத் தெரிந்தது. ஓடவில்லை. தலையிலும் புருவத்திலும் பஞ்சு வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. முதலில் யாரோ கிழவி என்றுதான் ராக்கம்மாள் நினைத்தாள். பின்னாலேயே முத்தாத்தாள், "கண்ணு, நில்லு கண்ணு, ஷிப்ட் முடியட்டும்" என்று வந்துகொண்டிருந்தாள். சுவரின் திருப்பத்தில் ஏழெட்டுப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு நின்றார்கள்.

"எம் பெட்டிய மட்டும் எடுத்துக் குடுங்கக்கா" என்றாள் வேல்விழி. "இல்லாட்டி பரவால்ல. அதுல ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டினாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. ராக்கம்மாள் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்ததால் லாரியின் முகப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் தக்காளிச் சாதம் வாங்கித் தின்றார்கள். மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் தாய். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மதுரை பஸ் வந்து நின்றதும் ராக்கம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வேல்விழி எழவில்லை.

"நான் ஊருக்கு வரல ஆத்தா."

"என்னடி சொல்லுற?"

"திருப்பூருக்குப் போறேன். மில்லுல எங்கூட இருந்த சுப்புலட்சுமி முன்னாடியே ஓடிப்போய் பனியன் கம்பெனில சேந்துட்டா. தனியா ரூம் எடுத்துத் தங்கிருக்கா. வாராவாரம் சம்பளம். சாயந்திரமானா நம்ம இஷ்டம்."

"அதுக்காடி நான் லாரிக்கு முன்னாடி உக்காந்தேன்?" ராக்கம்மாளின் குரல் பஸ் ஸ்டாண்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. "உனக்காக ரயிலு வந்துருக்குடி! கூடை இருக்கு, பெட்டி இருக்கு, இனிமே எவன் கையையும் எதிர்பாக்க வேண்டியதில்ல!"

"அது உனக்கு வந்த ரயிலு. எனக்குக் கூடை வேணாம். மில்லும் வேணாம்." இருமி முடித்துவிட்டு வேல்விழி சொன்னாள். "உங்கிட்ட சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. ஆனா வரமாட்டேன்."

ராக்கம்மாளின் கை அறைய ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. புருஷன் இறந்த வருஷம், பொம்பளை ரயிலேறி மீன் விற்கப் போனால் குடும்பத்துக்கு அவமானம் என்று வாசலை மறித்து நின்ற கொழுந்தனிடம் தானும் இதே மாதிரி, சத்தமே போடாமல், நான் போவேன் என்றுதான் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கும் இப்போது மகளுக்கு இருக்கும் இந்த வயசுதான். மதுரை பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் முந்தானையால் மகளின் புருவத்திலிருந்த பஞ்சைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்ததில் வேல்விழிக்கு வலித்திருக்கும்.

"எந்த பஸ்ஸுடி திருப்பூருக்கு?" என்று கேட்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் திருப்பூரில், சுப்புலட்சுமி வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒரு சந்துக்குள் இருவரும் நின்றார்கள். இருபக்கமும் மாடிமேல் மாடியாகக் கம்பெனிகள், எல்லா ஜன்னலிலும் தையல் மெஷின்களின் இரைச்சல். தெருவில் மனுஷக் குரல் ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பும் நீலமுமாகப் பனியன் வேஸ்ட் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. 'டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை' என்று ஒரு வாசலில் அட்டை தொங்கியது. வேல்விழி அதைப் படித்துச் சொன்னாள்.

"நானும் வரேன்" என்றாள் ராக்கம்மாள்.

"நீ வேணாம். நானே கேக்குறேன்."

வெளிப்புறமாகப் போன இரும்புப் படியில் அவள் ஏறினாள். நடுவில் ஒருமுறை நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பிறகு மேலே போய் வாசலுக்குள் மறைந்தாள். ராக்கம்மாள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அண்ணாந்தபடி நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, ஒரே இரைச்சல்.

சட்டென்று கரண்டு போனது. அத்தனை ஜன்னலிலும் மெஷின்கள் ஒரே நேரத்தில் வாயடைத்தன. தெரு முழுக்க விழுந்த அமைதியில் மேலேயிருந்து வேல்விழியின் குரல் மட்டும், மில்லில் ஒட்டிக்கொண்ட பேச்சோடு, பேசிக்கொண்டிருந்த வேகத்திலேயே, குறைத்துக்கொள்ளாமல் வந்தது.

"கம்பெனில தங்க மாட்டேனுங்க. சனிக்கெழமயானா சம்பளம் கைக்கு வரோணுங்க. சரின்னா சொல்லுங்க, இல்லைன்னா பக்கத்துல கேட்டுக்கறேன்."

தெருவில் போனவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். ஜெனரேட்டர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.