டொக்டர் வந்து சொல்லுவார்

வாவிப் பக்கம் இன்னும் இருட்டு விலகவில்லை. ஏறாவூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த றுமைஸா, புளியந்தீவின் அந்தத் தனியார் ஸ்கேன் நிலையத்தைத் திறந்தபோதே வெளியே வாங்குகளில் ஆட்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். கழுவிக் கழுவி அவள் விரல்கள் வெடித்திருந்தன. கருவியை வயிறுகளில் அழுத்திப் பிடித்துத் தோள் இரவெல்லாம் உளையும். ஸ்கேன் எடுக்கும் கையும் கண்ணும் இவளுடையவை. அறிக்கையின் அடியில் பெயர் மட்டும் பின்னேரம் வரும் டொக்டருடையது. கண்டதைத் தாய்க்குச் சொல்லக் கூடாது என்பது முதலாளி பாறூக்கின் கட்டளை. கட்டளை போடுகிறவருக்கு வயிறா எரியப்போகிறது?

அன்று வந்து படுத்தவள் மார்கிறட். நிறைமாதத்தோடு தோணியில் வாவி கடந்து வந்தவள்.

"நேத்திலிருந்து பிள்ளை அசையிறது குறைவு மிஸ். சுகமா இருக்கா?"

திரையில் அந்தச் சின்ன இதயம் தளர்ந்து தளர்ந்து அடித்தது. ஆபத்து என்று றுமைஸாவுக்குத் தெரிந்துவிட்டது. வாயோ பழக்கத்தில் சொன்னது: "டொக்டர் வந்து சொல்லுவார், தங்கச்சி."

மார்கிறட் சிரித்துவிட்டு, வெளியே வாங்கில் உட்கார்ந்து பணிஸ் ஒன்றைப் பிரித்துத் தின்றாள்.

றுமைஸா பாறூக்கின் அறைக்கு ஓடினாள். "சேர், பிள்ளைக்கு ஆபத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"டொக்டர் கோல் எடுக்கிறாரில்ல. பொறுங்க."

"பிள்ளை பொறுக்காது சேர். நான் சொல்றன்."

"நீங்க படம் எடுக்கிற ஆள். நீங்க சொல்லி அது பிழையாப் போனா நான் இதைப் பூட்டணும். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டாள். வேலை போய்விடுமே என்ற பயம். அந்த ஆளை முடித்து அனுப்பியதும் மனம் கேட்கவில்லை. வெளியே போய் மார்கிறட்டின் கையைப் பிடித்து உள்ளதைச் சொன்னாள். ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கூடவே போனாள்.

அங்கே வெளியே எடுத்த பிள்ளை அழவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை நெஞ்சோடு அணைத்தபடி மார்கிறட் கேட்டாள்: "நான் பணிஸ் தின்ற நேரம் உயிரோடதானே இருந்திச்சு?"

"ஓம்," என்றாள் றுமைஸா.

மறுநாள் பாறூக் வாசலிலேயே மறித்தார். "சொன்னீங்களே, பிள்ளை தப்பிச்சா? இனி வர வேணாம்."

"சொன்னதால போகல்ல சேர். சொல்லப் பிந்தினதாலதான் போச்சு."

உள்ளே அவளைப் போலவே ஸ்கேன் எடுக்கும் ஸஹ்ராவும் நிலோஜனும் கருவிகளை வைத்துவிட்டு வந்தார்கள்.

"றுமைஸா ராத்தா இல்லாட்டி நாங்களும் இல்ல," என்றாள் ஸஹ்ரா.

நிலோஜன் நிதானமாகச் சொன்னான்: "டொக்டர்ர கதிரையை நாங்க கேக்கல்ல சேர். ஆபத்தைக் கண்டா அந்த இடத்திலேயே தாய்க்குச் சொல்லணும். எங்கட பேரைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதணும். அதுக்கு இன்னும் படிக்கணுமெண்டா படிக்கிறம்."

"மூணு பேரும் போங்க. நாளைக்கு வேற ஆக்கள் வருவாங்க."

"வரட்டும். அவங்களோடயும் கதைக்கிறம்," என்றான் நிலோஜன்.

மூவரும் வாசலுக்கு வெளியே குந்தினார்கள். வாங்கிலிருந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "சொல்லாத இடத்தில எனக்கும் ஸ்கேன் வேணாம்." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

வெயில் ஏறிய நேரம் மார்கிறட்டின் புருஷன் ஜெனிஸ்டன் வந்தான். பிள்ளையை அடக்கிய மண் அவன் கையில் இன்னும் ஒட்டியிருந்தது. ஏசப்போகிறான் என்று றுமைஸா தலையைக் குனிந்துகொண்டாள். அவனோ நிலோஜனுக்குப் பக்கத்தில் குந்த இடம் பார்த்தான். எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்கள்.