குறிச்சிவாசல் மாத்திரை

குறிச்சிவாசலில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுவந்த நாற்பத்தொரு பெண்களின் விரல்களும் தாளடி நடவு முடிந்த வாரத்தில் சாக்பீஸ்போல எழுதத் தொடங்கின. முதலில் கவனித்தவள் இர்ஃபானா. கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டியவள், பிள்ளையின் முதுகில் தன் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருப்பதைப் பார்த்தாள். பவுடர் என்று நினைத்துத் துடைத்தாள். துடைத்த கையும் கோடு போட்டது. சாயங்காலத்துக்குள் ஊரில் கதவு, குடம், மாட்டுக்கொம்பு, புருஷன்மார் சட்டைக் காலர் எதுவும் கோடு விழாமல் மிச்சமில்லை. அந்த வாரம் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. ஒரு கோடும் அழியவில்லை. எழில்மொழி இறந்து அப்போது பதினோரு நாள் ஆகியிருந்தது.

மாத்திரை கொடுத்தவர் கிராமச் சுகாதார செவிலியர் ஜூலியட். பதினான்கு வருஷமாக அந்தத் துணை சுகாதார நிலையத்தில் இருப்பவர். மாசமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் தினம் ஒன்று, சோற்றுக்குப் பிறகு, டீயோடு சேர்க்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிச் சொல்லியே தொண்டை கரகரத்துப் போனவர். வெளிக்குக் கறுப்பாகப் போகிறதா என்று அவர் கூச்சமில்லாமல் கேட்பார். இரும்பு உள்ளே போனால் அப்படித்தான் போகும். பதினான்கு வருஷமும் பெண்கள் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது, நாக்கில் துரு ருசி நிற்கிறது என்று குறைபட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வருஷம் ஆடியில் புதுப் பெட்டிகள் வந்தபின் ஒருத்தியும் குறை சொல்லவில்லை. "இந்தத் தடவ நல்ல மாத்திரைங்க நர்ஸம்மா, வாந்தியே இல்ல" என்றார்கள். ஜூலியட்டும் சந்தோஷப்பட்டார். பின்னாளில் அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

எழில்மொழி பி.காம். படித்தவள், அறுவடை மெஷின் ஓட்டும் செழியனின் மனைவி, தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்தவள். மாதத்துக்கு மாதம் அவள் ரத்த அளவு ஏறுவதற்குப் பதில் இறங்கியது. ஐப்பசிக்கு முன் ஒருநாள் ஜூலியட் பத்துப்பேர் முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரைய வாய்க்கால்ல வீசிட்டு எங்கிட்ட வந்து பொய் சொல்றியா? படிச்சவதான நீ?" மறுநாள் காலையில் எழில்மொழி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரப்பிலும் ரோட்டிலும் நடந்து வந்து, ஜூலியட்டின் மேஜைமுன் நின்று மாத்திரையை விழுங்கினாள். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். "பாத்துக்குங்க நர்ஸம்மா. முழுங்கிட்டேன்." அப்படி நாற்பத்தெட்டு நாள் வந்தாள். நாற்பத்தெட்டு நாளும் ஜூலியட் அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். நாற்பத்தொன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. வேறொருத்தி என்றால் தாங்கியிருக்கக்கூடிய ரத்தப்போக்குதான். அவளிடம் போவதற்கு ரத்தமே இல்லை. வெளியிலிருந்து ரத்தம் வந்துசேர்வதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இர்ஃபானாதான் பால் கொடுத்தாள்.

விரல்கள் எழுதத் தொடங்கிய அன்று ஜூலியட் ஒரு மாத்திரையை உடைத்துப் பார்த்தார். மேலே சிவப்புப் பூச்சு, உள்ளே பல்லுப்போல வெள்ளை. சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசிக் கரும்பலகையில் தேய்த்தார். அழகாக எழுதியது. மிச்சமிருந்த அட்டைகளிலிருந்து மறுநாள் முதல் தினம் ஒன்றைத் தானும் விழுங்கினார். பன்னிரண்டாம் நாள் அவர் விரலும் எழுதியது. அன்றைக்குத்தான் புகார் மனுவைத் தயாரித்தார்.

நாற்பத்தொரு பெண்களும் மனுவில் பெருவிரல் வைத்தார்கள். மையில் எவ்வளவுதான் தோய்த்தாலும் வெள்ளையாகவே பதிந்தது. வெள்ளைத்தாளில் வெள்ளை ரேகை. விசாரணைக்கு அவர்களை மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு வரச் சொன்ன அதிகாரி தாளை உதறி, மின்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கம்மா கையெழுத்து? வெத்துப் பேப்பரக் கொண்டாந்து நீட்டுறீங்க."

பரிசோதனைக்குப் போன மாத்திரையில் சத்து சரியாகவே இருக்கிறது என்றார். அது வேறு பெட்டி மாத்திரை என்பதை ஜூலியட் பெட்டி எண்ணைக் காட்டிச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொள்ளவில்லை. தாய்மார்களின் உணவுப் பழக்கமே ரத்தசோகைக்குக் காரணம் என்று அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகி மேஜையில் கிடந்தது. கீரை சாப்பிடச் சொல்லி ஒரு நோட்டீஸையும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

இர்ஃபானா தன் கையை அவர் மேஜைக் கண்ணாடியில் ஓங்கி வைத்தாள். ஐந்து விரலும் பதிந்தன. "அப்ப இத என்னன்னு எழுதுவீங்க?"

அதிகாரி கைக்குட்டையால் அதைத் துடைத்துப் பார்த்தார். "படிவத்துல இதுக்கு எடம் இல்லம்மா" என்றார்.

வெளியே வந்தார்கள். அலுவலக வாசலில் மெயின்ரோடு அந்த மாதம்தான் புதுத் தார் போட்டுக் கன்னங்கரேலென்று கிடந்தது. யார் முதலில் குந்தினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. நாற்பத்தொரு பேரும் உட்கார்ந்து, அவரவர் ரத்த அளவை அவரவர் விரலால் எழுதினார்கள். ஏழு புள்ளி மூன்று. எட்டு. ஆறு புள்ளி ஒன்பது. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் கைகளை ஊன்றி எழுந்து, நகர்ந்து, மறுபடி எழுதினார்கள். பிள்ளைகள் தோளில் வீறிட்டன. இரண்டு பக்கமும் லாரிகள் நின்றுபோயின. எழில்மொழியின் எண்ணை ஜூலியட் எழுதினார். சீருடையோடு முட்டி போட்டு, ஆள் உயரத்துக்கு, தோல் உரிந்து ரத்தம் கசியக் கசிய எழுதினார். ஆறு புள்ளி ஒன்று. ரத்தமும் தாரில் வெள்ளையாகவே விழுந்தது.

அதிகாரி கேட் வரைக்கும் வந்தார். "நீ கவர்மெண்ட் சம்பளம் வாங்குறவ. ஞாபகம் இருக்கட்டும்."

"அந்தச் சம்பளத்துக்குத்தான் சார் அவள வாயத் தொறந்து காட்ட வச்சேன்" என்றார் ஜூலியட். குரல் ரோடு முழுக்கக் கேட்டது. "தெனம் நாக்கத் தூக்கிக் காட்டினா சார். நீங்க அனுப்புன சுண்ணாம்ப முழுங்கிட்டு, முழுங்கிட்டேன்னு எங்கிட்ட நிரூபிச்சா. இப்ப நீங்க நிரூபிங்க."

அவரை ஆறு மாதம் பணியிடைநீக்கத்தில் வைத்தார்கள். பிறகு கூத்தாநல்லூர்ப் பக்கம் மாற்றினார்கள். மாத்திரை அனுப்பிய கம்பெனிக்குத் தடை விதித்தார்கள். அது அடுத்த வருஷமே வேறு பெயரில், பச்சைப் பூச்சோடு மாத்திரை அனுப்பியது. குறிச்சிவாசல் பெண்கள் அந்தப் பெட்டியை ஊருக்குள் இறக்கவே விடவில்லை. நிஜமான மாத்திரை வந்து, வெளிக்குக் கறுப்பாகப் போய், குமட்டி, நாக்கில் துரு ஏறியபின் அவர்கள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஒருத்தியின் ரத்தம் பதினொன்றைத் தொட்ட அன்று ரோட்டில் அவள் எழுதிய எண்ணும் தானாகப் போய்விட்டது. கடைசியாகப் போனது இர்ஃபானாவுடையது. ஒன்றேகால் வருஷம் ஆயிற்று.

எழில்மொழியின் எண் ஏறுவதற்கு வழியில்லை, அதனால் அது போகவில்லை. நெடுஞ்சாலைக்காரர்கள் மூன்று முறை அதன்மேல் தார் போட்டார்கள். மூன்று முறையும் மறுநாள் காலையில் மேலே வந்துவிட்டது. நான்காவது முறை அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் போட்டார்கள். எண்ணுக்கு முன்னால் வண்டிகள் தாமாகவே வேகம் குறைத்ததால் பேருந்துகள் அங்கே நிற்கத் தொடங்கின, ஆட்களும் அங்கே காத்திருக்கத் தொடங்கினார்கள். போன சித்திரையில் ஜூலியட் அந்தப் பக்கம் வரும்போது நடத்துநரிடம், "ஆறு புள்ளி ஒண்ணு" என்று கேட்டார். அவர் தலையை நிமிர்த்தாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஆறு புள்ளி ஒண்ணு எறங்குறவங்க எல்லாம் முன்னால வந்துருங்க" என்று குரல் கொடுத்தார். ஏழெட்டுப் பேர் எழுந்து வந்தார்கள்.